பழைய வீட்டுக்குப் புது மரத்தரை: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

டொராண்டோவில் புது வீடு வாங்கியவர்கள் சமையலறையைப் பற்றிப் பேசுவார்கள். பழைய வீடு வாங்கிய நாங்கள் தரையைப் பற்றிப் பேசுவோம். எங்களுடையது டான்ஃபோர்த் பக்கம், 1920-களில் கட்டிய செங்கல் வீடு. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சேர்த்து. வாங்கியபோது முன்னறையில் கார்பெட், நடையில் வினைல், பின்னறையில் லேமினேட், மாடியில் மறுபடியும் கார்பெட். நூறு வருஷமாக இங்கே குடியிருந்தவர்கள் எல்லோரும், தங்கள் காலத்தில் எது நாகரிகமோ அதை முந்தையதன் மேலேயே போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் தரைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடை கடையாக ஏறி இறங்கினேன். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன கலர் பார்க்கிறீங்க?" சாம்பல், தேன், வால்நட், வெள்ளை பூசிய ஓக் என்று சுவர் முழுக்க மாதிரிப் பலகைகள். ஒரு மணி நேரம் நின்றால் எல்லாமே அழகாகத் தெரியும், எதுவுமே வேண்டாம் என்றும் தோன்றும்.

எங்களுக்கு வேலை செய்து தந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தரை வேலைதான். வீட்டுக்குள் வந்து நான் காட்டிய மாதிரிப் பலகைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கலரை விடுங்கோ தம்பி. முதல் கீழ என்ன கிடக்கெண்டு பாப்பம்" என்றார். இந்தப் பதிவு முழுக்க அவர் சொன்ன அந்த வரிசைதான். முதலில் அடியில் இருப்பது, அடுத்தது வீட்டின் காற்று, மூன்றாவது பலகையின் ரகம், நான்காவது மரம், கடைசியாக நிறம். கடைக்காரர் இதை அப்படியே தலைகீழாக விற்கிறார்.

முதலில், அடியில் என்ன இருக்கிறது?

இந்த ஊர் வீடுகளில் வெப்பக்காற்று வருவதற்குத் தரையில் ஆங்காங்கே ஓட்டை வைத்து, மேலே ஓர் இரும்புக் கிராதி போட்டிருப்பார்கள். ரிஜிஸ்டர் என்பார்கள். அதைக் கையாலேயே தூக்கிவிடலாம். தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெட்டுப்பட்ட ஓரத்தில் உங்கள் தரையின் முழு வரலாறும் அடுக்கடுக்காகத் தெரியும். எதையும் உடைக்க வேண்டாம், ஒரு பைசா செலவில்லை.

எங்கள் முன்னறையில் தெரிந்தது இது. அடியில் விட்டங்கள். அவற்றின் மேல் 45 பாகையில் சாய்வாக அடித்த பைன் பலகைகள். அதற்கு மேல் 3/8 அங்குலத் தடிமனில், மேலிருந்தே ஆணி அடித்த மெல்லிய ஓக் பட்டைகள். அதன் மேல் கார்பெட். டொராண்டோவின் அந்தக் கால வீடுகள் பலவற்றில் இதே அமைப்புதான். விருந்தாளி வந்து உட்காரும் முன்னறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் ஓக், வீட்டுக்காரர்கள் மட்டும் நடமாடும் மாடிக்கு மலிவான பைன். மதிப்பான பொருளை வெளி ஆட்கள் பார்க்கும் இடத்தில் வைப்பது எல்லா ஊர் வழக்கமும்தான் போல.

பின்பக்க நடையில் நிலைமை வேறு. வினைலுக்கு அடியில் ப்ளைவுட், அதற்கும் அடியில் 9 அங்குலச் சதுர டைல்கள், கறுப்புப் பசை. இந்த அளவு டைலைப் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த அந்த டைல்களிலும், ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அசையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைத்தாலோ, தேய்த்தாலோ, சுரண்டினாலோ இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு, இருக்கிறது என்று வந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வைத்து எடுக்க வேண்டும், அல்லது தொடாமல் மேலே மூடிவிட வேண்டும். கனடா ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 2018 கடைசியில்தான். க்யூபெக் மாகாணத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயரிலேயே ஒரு சுரங்க ஊர் இருந்தது. 2020-ல்தான் பெயரை மாற்றிக்கொண்டார்கள். எனவே பழைய வீட்டில் இது இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது சமதளம். பழைய வீட்டில் கோலிக்குண்டை வைத்தால் ஒரு மூலையைப் பார்த்து ஓடும். அது பரவாயில்லை. தரை சரிவாக இருப்பது வேறு, மேடும் பள்ளமுமாக இருப்பது வேறு. சரிவின் மேல் மரத்தரை போடலாம், மேடுபள்ளத்தின் மேல் போடக் கூடாது. பத்தடி நீளத்துக்கு ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பார்த்தால் இடைவெளி 3/16 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது இங்கே தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. தாண்டினால் பலகை அந்தரத்தில் நிற்கும். கால் வைக்கும்போதெல்லாம் அமுங்கும், கிறீச்சிடும், நாளடைவில் பொருத்து விட்டுப்போகும்.

கிறீச்சிடும் சத்தத்துக்கும் மருந்து அடியில்தான். பழைய பைன் பலகைகளில் ஆணி தளர்ந்திருக்கும். மேலே எதைப் போடுவதற்கு முன்பும் ஒவ்வொரு விட்டத்தின் மேலும் திருகாணி இறக்கி அடிப்பலகையை இறுக்கிவிட வேண்டும். புதுத்தரை போட்ட பிறகு இதைச் செய்ய வழியே இல்லை.

பழையதைக் காப்பாற்ற முடியுமா?

புதுத்தரை பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதைச் சொல்வது விநோதமாக இருக்கலாம். ஆனால் பழைய வீட்டில் கிடைக்கக்கூடிய மிக நல்ல மரத்தரை, பல சமயம் கார்பெட்டுக்கு அடியில் ஏற்கனவே கிடக்கும். அந்தக் காலத்து ஓக் பெரும்பாலும் மெதுவாக வளர்ந்த முதிர்ந்த மரத்திலிருந்து வந்தது. வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இன்று அதே தரத்தில் வாங்கப் போனால் விலை கட்டுப்படியாகாது.

காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பது எளிது. மறுபடியும் ரிஜிஸ்டரைத் தூக்குங்கள். பட்டையின் தடிமன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஒரு முறை முழுசாக இயந்திரத்தால் தேய்த்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதற்குச் சற்றுக் குறைவாகப் போகும். ஆணித் தலைகள் மேலே பளபளவென்று தெரிகின்றனவா? ஓரங்கள் சிம்பு சிம்பாகப் பிய்கின்றனவா? அப்படியென்றால் அது முன்பே பல முறை தேய்ப்புக்குப் போய்விட்ட தரை. இனி தாங்காது.

எங்கள் முன்னறையும் சாப்பாட்டு அறையும் தேறின. ஆணித் தலைகளைக் கொஞ்சம் உள்ளே தட்டி, குழிகளை நிரப்பி, மென்மையாகத் தேய்த்துப் பூச்சடித்தார்கள். அங்கங்கே கறுப்புக் கறைகள் உண்டு. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அது இரும்போடும் தண்ணீரோடும் சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும். யாரோ ஒரு காலத்தில் ரேடியேட்டர் பக்கத்தில் பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கறையை அப்படியே விட்டுவிட்டோம். ஆகவே புதுத்தரை தேவைப்பட்டது பின்னறைக்கும் நடைக்கும் மாடிக்கும் மட்டும்தான். பட்ஜெட் பாதியாகக் குறைந்தது. கலர் பார்க்க நேரே கடைக்குப் போயிருந்தால் இது தெரிந்திருக்காது.

காற்றுதான் உண்மையான வாடிக்கையாளர்

நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் மரக்கதவு இறுகிக்கொண்டு சாத்த முடியாமல் போகும், தையில் தானாகவே சரியாகிவிடும், இல்லையா? டொராண்டோ வீட்டில் அதே நாடகம் தரை முழுக்க நடக்கிறது, இன்னும் பெரிய அளவில்.

ஜனவரியில் வெளியே மைனஸ் பதினைந்து, இருபது. அந்தக் குளிர்க்காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே கொண்டுவந்து ஃபர்னேஸ் சூடாக்கும்போது வீட்டுக்குள் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ஜூலையில் அதே வீட்டுக்குள் 60 சதவீதத்தைத் தாண்டும். மரம் இந்த இரண்டுக்கும் நடுவே வருஷா வருஷம் சுருங்கி விரிகிறது. நார் ஓடும் நீள வாட்டில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். அகல வாட்டில்தான் எல்லாம்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. வழக்கமாக அறுக்கும் முறையில் அறுத்த சிவப்பு ஓக் பலகையில், மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் சுமார் 0.37 சதவீதம் மாறும். பனிக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஈரம் 4 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2¼ அங்குலப் பட்டையில் மாற்றம் 0.8 மில்லிமீட்டர் அளவு. 5 அங்குலப் பலகையில் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர். முதலாவது கண்ணில் படாது. இரண்டாவது, ஒரு நாணயத்தைச் செருகும் அளவுக்கு இடைவெளி.

இப்போது கடைகளில் ஓங்கியிருப்பது அகலப் பலகை. ஏழு, எட்டு அங்குலம் எல்லாம் சாதாரணம். படத்தில் பார்க்க அருமையாக இருக்கும். "அகலப் பலகை வடிவுதான் தம்பி. ஆனா தை மாசம் வந்து பாருங்கோ" என்றார் எங்கள் அண்ணை. பழைய வீடுகளில் ஒடுக்கப் பட்டையாகவே போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சுருக்கம் முழுவதும் ஐந்தாறு பெரிய இடைவெளிகளில் வந்து நிற்காமல், நூறு சின்ன இடைவெளிகளில் கலைந்துவிடும்.

மரம் அறுத்த விதத்துக்கும் பங்கு உண்டு. அடிமரத்தை நான்காகப் பிளந்து, ஆண்டு வளையங்கள் பலகைக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கும்படி அறுப்பது ஒரு முறை. குவார்ட்டர் சான் என்பார்கள். அப்படி அறுத்த பலகையில் அசைவு பாதிக்கும் கீழே போய்விடும். ஓக்கில் அப்போது புலிவரி போலக் குறுக்குக் கோடுகளும் மின்னும். விலை கூடுதல். அகலப் பலகை வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக நிற்பவர்கள் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை மூன்று. ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள், விலை அதிகமில்லை. மரத்தரைக்காரர்களின் அமெரிக்கச் சங்கம் சொல்லும் வரம்பு 30 முதல் 50 சதவீதம். பனிக்காலத்தில் அந்தக் கீழ் வரம்பைப் பிடிக்க ஃபர்னேஸோடு இணைந்த ஹியூமிடிஃபையர் தேவைப்படும். இரண்டாவது, பலகைப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வழக்கமாக வீடு இருக்கும் சூட்டிலும் ஈரத்திலும் வைத்துப் பழக்க வேண்டும். ஆனால் எத்தனை நாள் என்பது கேள்வியே இல்லை. மரத்தில் ஊசி குத்தி ஈரம் அளக்கும் கருவி இருக்கிறது. அடிப்பலகைக்கும் புதுப்பலகைக்கும் வித்தியாசம், ஒடுக்கப் பட்டை என்றால் 4 சதவீதத்துக்குள், 3 அங்குலமோ அதற்கு மேலோ அகலம் என்றால் 2 சதவீதத்துக்குள் வந்த பிறகுதான் ஆணி அடிக்க வேண்டும். மூன்றாவது, பூச்சு வேலையும் பெயின்ட் வேலையும் முடிந்து சுவர் காய்ந்த பிறகே பலகையை வீட்டுக்குள் விடுங்கள். ஈரச் சுவர்களுக்கு நடுவே வைத்தால் பலகை அந்த ஈரத்தைக் குடித்து ஊதிக்கொள்ளும்.

முழு மரமா, அடுக்கு மரமா, மரமே இல்லையா?

முழு மரம் என்பது மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டை, பெரும்பாலும் 3/4 அங்குலம். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் நுழையும். நாக்குக்கு மேலே இருக்கும் மரம்தான் தேய்க்கக் கிடைப்பது, சுமார் 6 மில்லிமீட்டர். கீழே இருப்பதெல்லாம் வெறும் சுமை.

இது தெரிந்துவிட்டால் அடுக்கு மரத்தை, அதாவது எஞ்சினியர்டு பலகையை, மட்டமாகப் பேச மாட்டீர்கள். மேலே நிஜ மரம், கீழே ப்ளைவுட் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள். குறுக்கடுக்குகள் மேல்மரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால் அகலப் பலகைக்கும் பேஸ்மென்ட்டுக்கும் இதுதான் ஏற்றது. பூமி மட்டத்துக்குக் கீழே முழு மரம் போடவே கூடாது.

ஆனால் விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் மொத்தத் தடிமனைப் பார்க்காதீர்கள். சின்ன எழுத்தில் இருக்கும் மேல்மரத்தின் தடிமனைப் பாருங்கள். 1 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் வாழ்நாளில் ஒரு முறைகூடத் தேய்க்க முடியாது. 2 மில்லிமீட்டர் என்றால் ஜாக்கிரதையாக ஒரு முறை. 4 என்றால் இரண்டு மூன்று முறை. 6 என்றால் முழு மரத்துக்குச் சமம். கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பலகை ஒரே நிறத்தில் இருக்கும், ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு விலை இருக்கும். காரணம் பெரும்பாலும் இந்த ஓர் எண்தான். ஒட்டிய அடுக்குகளில் ஃபார்மால்டிஹைடு வெளியேறும் என்பதால், கனடாவின் 2023 விதிமுறைப்படி வரம்புக்கு உட்பட்டது என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லேமினேட் மரமில்லை. அழுத்திய மரத்தூள் பலகையின் மேல் மரத்தின் புகைப்படம். வினைல் பலகை பிளாஸ்டிக்கின் மேல் புகைப்படம். வாடகைக்கு விடும் பேஸ்மென்ட்டுக்கு வினைலை நானே சிபாரிசு செய்வேன், தண்ணீருக்கு அசராது. ஆனால் நூறு வருஷ ஓக்குக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் வாசற்படியிலேயே குட்டு உடைந்துவிடும். மேலும் கீறினால் தேய்க்க வழியில்லை, பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

எந்த மரம்?

நாம் தேக்கில் வளர்ந்தவர்கள். பழைய தஞ்சாவூர் வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் மரம் தூணாக, உத்தரமாக, கதவாக, ஊஞ்சலாக இருந்தது. காலுக்கடியில் இருந்தது செங்கல், சிமெண்ட், ஆத்தங்குடிக் கல். கறையான் இருக்கும் ஊரில் அது சரியான முடிவும்கூட. அதனால் "நல்ல மரம் என்றால் தேக்கு" என்ற எண்ணத்தோடு நம்மவர்கள் இங்கே கடைக்குப் போகிறார்கள். தேக்கு உண்மையிலேயே அசைவு குறைந்த மரம். பச்சை மரம் முழுதாகக் காயும்போது அகலத்தில் சுருங்குவது தேக்கில் 5 முதல் 6 சதவீதம்வரை, சிவப்பு ஓக்கில் 8.6, வெள்ளை ஓக்கில் 10.5. ஆனால் கடல் கடந்து வரும் தேக்கின் விலையைக் கேட்டால் ஆசை போய்விடும். எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற கேள்வியும் உண்டு.

தரைமரத்தின் கடினத்தை ஜான்கா எண் சொல்லும். காப்ரியேல் ஜான்கா என்ற ஆஸ்திரியர் 1906-ல் வகுத்த முறை. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டைப் பாதி அளவுக்கு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பார்கள். பவுண்டுக் கணக்கில் வெள்ளைப் பைன் 380, வால்நட் 1010, சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, மேப்பிள் 1450, ஹிக்கரி 1820. தேக்கு ஓக்கைவிடச் சற்று மென்மை என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

இந்த எண்ணை அளவுக்கு மீறி மதிக்க வேண்டாம். தோசைக்கல் கைநழுவி விழுந்தால் எவ்வளவு பள்ளம் விழும் என்பதைத்தான் இது சொல்லும். நாற்காலி இழுத்த கீறல், மணல் தேய்த்த கீறல் எல்லாம் மேல்பூச்சின் விஷயம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் வீடுகளில் அந்தக் கவலை பாதி குறைவு.

சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை. சின்னத் துண்டின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினால் மறுமுனையில், தண்ணீருக்குள், குமிழி வரும். வெள்ளை ஓக்கின் வைரப் பகுதியில் அந்தத் துளைகள் அடைபட்டிருக்கும். மதுப்பீப்பாய் செய்ய அதை எடுப்பது அதனால்தான். ஈரம் படக்கூடிய இடத்துக்கு வெள்ளை ஓக் நல்லது. மேப்பிள் பளிச்சென்று இருக்கும், ஆனால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதை அதன் இயல்பான நிறத்திலேயே விட வேண்டும்.

மாடிக்கு நாங்கள் எடுத்தது 2¼ அங்குல முழுச் சிவப்பு ஓக். காரணம் எளிது, கீழே இருக்கும் பழைய தரையும் சிவப்பு ஓக். பழைய வீட்டில் புதுத்தரை என்பது அந்த வீட்டின் பேச்சில் கலந்துகொள்ள வேண்டும். தனியாகக் கூவக் கூடாது. இரண்டாம் தர மரம் எடுத்தோம். கணுவும் நிற வேறுபாடும் கொஞ்சம் இருக்கும். பலத்தில் குறைவில்லை, விலையில் நல்ல வித்தியாசம். அடிப்பலகை சாய்வாக இருந்ததால் எந்தத் திசையிலும் போட முடிந்தது. நேர்ப்பலகையாக இருந்திருந்தால் விட்டங்களுக்குக் குறுக்கேதான் போட வேண்டும்.

நம் வீட்டுப் புழக்கம்

இங்கே பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகள் நம் வீட்டை நினைத்து எழுதியவை அல்ல. ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்திக் கழுவ முடியாதா? அப்புறம் அது என்னடா தரை?" அவர் வளர்ந்தது சிவப்புச் சிமெண்ட் தரையில். மார்கழிக்கு வாளி வாளியாக ஊற்றித் தள்ளிய கை.

முடியாது. மரத்தரையில் வாளித் தண்ணீர் கிடையாது, நீராவி மாப்பும் கிடையாது. நன்றாகப் பிழிந்த துணி மட்டும்தான். அதனால் சமையலறைக்கு நான் மரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லா அறைக்கும் ஒரே தரை ஓடினால் வீடு பெரிதாகத் தெரியும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கிரைண்டர் கழுவும், அரிசி களையும், தாளிக்கும் எண்ணெய் தெறிக்கும் சமையலறைக்கு டைல்தான் பொருத்தம். இரண்டும் சேரும் வாசலில் ஓர் ஓக் பட்டையை வைத்து மட்டத்தைச் சரிசெய்துவிடலாம்.

பூஜை மாடத்துக்கு முன் விளக்கெண்ணெய் சொட்டும், குங்குமம் சிந்தும், கோலமாவு பறக்கும். அங்கே தரைக்கு மேல் ஒரு கல் பலகை வைத்துவிடுங்கள். மஞ்சள் கறையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பூச்சுக்கு மேல் பட்டது வெயில் படும் இடமென்றால் தானாகவே வெளிறும்.

பலகைகளுக்கு நடுவே சின்ன V வடிவப் பள்ளம் உள்ள, தொழிற்சாலையிலேயே பூச்சடித்த ரகம் ஒன்று உண்டு. வேலை சீக்கிரம் முடியும், வாசனை இல்லை, அலுமினியம் ஆக்சைடு கலந்த பூச்சு மிகவும் உழைக்கும். ஆனால் அந்தப் பள்ளங்களில் ரவையும் கடுகும் போய் உட்கார்ந்துகொள்ளும். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பத்துக்கு அது சரிப்படாது. போட்ட பிறகு தேய்த்துப் பூச்சடிக்கும் தரை வழவழவென்று ஒரே பரப்பாக இருக்கும். அதையே எடுத்தோம். பழைய அறைகளோடு ஒரே பூச்சாக முடிந்தது இன்னொரு லாபம்.

எண்ணெய் சார்ந்த பாலியூரிதேன் காலப்போக்கில் தேன் நிறம் ஏறும், வாடை அதிகம், ஜமுக்காளம் விரிக்க ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். தண்ணீர் சார்ந்தது நிறம் மாறாது, வாடை குறைவு, சீக்கிரம் காயும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இரண்டாவது.

நிறம்? கடைசியில் வந்து சேர்ந்துவிட்டோம். மிகக் கறுப்பான தரையில் தூசியும் கோலமாவும் பளிச்சென்று தெரியும். சாம்பல் நிற நாகரிகம் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. பளபளப்பு கூடினால் கீறலும் கூடித் தெரியும். சாயமே போடாமல், பளபளப்பு குறைந்த பூச்சு மட்டும் அடித்தோம். முடிவெடுக்க அரை நாள்கூட ஆகவில்லை, ஏனென்றால் அதற்குள் மற்ற எல்லாம் முடிவாகியிருந்தது.

தரைக்காரரை அமர்த்துவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மரத்தின் ஈரம் அளக்கும் கருவி வைத்திருக்கிறாரா? சுவரோரம் எவ்வளவு இடைவெளி விடுவார்? 3/4 அங்குலப் பலகைக்கு அதே அளவு என்பது நல்ல பதில். ஆணிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம்? 8 முதல் 10 அங்குலம் என்று சொல்ல வேண்டும். மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் வந்தால் ஆளை நம்பலாம். பலகை வாங்கும்போது பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மிச்சமாவதைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு பெட்டியாவது பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு பலகை மாற்ற நேர்ந்தால் அதே அகலமும் அதே ரகமும் கடையில் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பணம் இழுபறியாக இருந்தால் அகலத்தில் குறையுங்கள், மரத்தின் தரத்தில் ஒரு படி இறங்குங்கள், சாயத்தை விட்டுவிடுங்கள். அடிப்பலகை வேலையிலும் மேல்பூச்சிலும் மட்டும் கை வைக்காதீர்கள். பழைய வீட்டில் தரை கெடுவது அந்த இரண்டு இடத்தில்தான்.